மெதுவான மடிக்கணினியும் பிசகிய நினைவகமும்

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த கணினிகளின் எண்ணிக்கை அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 50 லட்சத்தைத் தாண்டியது. முதலில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் ஏற்றித் தந்தார்கள். வாங்கிய பிள்ளை படிப்பை முடித்துத் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போயாயிற்று. கணினி மட்டும் ஒரத்தநாட்டிலோ பாபநாசத்திலோ திருவையாற்றிலோ அதே வீட்டில் இருக்கிறது. பட்டா, சிட்டா எடுக்கவும், பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம் நிரப்பவும், தங்கை டிஎன்பிஎஸ்சி பாடம் பார்க்கவும் இன்றும் அதைத்தான் திறக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கணினி பழுது பார்க்கும் கடைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் வரும்: “ரொம்ப ஸ்லோவா இருக்குண்ணே, அடிக்கடி ஹேங் ஆயிடுது.” கடைக்காரரிடமிருந்து பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். ஒன்று, “ரேம் போயிருக்கும்.” மற்றொன்று, “ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்.” இரண்டுமே ஊகம். இந்த ஊகத்துக்கு வீடுகள் கொடுக்கும் விலை எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. ஃபார்மேட் செய்ததில் பிள்ளைகளின் சின்ன வயசுப் படங்கள் போகின்றன. நல்ல ரேமைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடுகிறார்கள். நல்ல கணினியே பழைய இரும்புக் கடைக்குப் போவதும் உண்டு. இத்தனைக்கும் ரேம் கெட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு வீட்டிலேயே, காசு செலவில்லாமல், ஒரு பகலில் பதில் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் அந்தப் புகாரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மெதுவாக இருப்பது ஒன்று, பிசகுவது வேறு.

நினைவகம், அதாவது ரேம், பழுதானால் கணினி மெதுவாகாது. இதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். ரேமில் உள்ள ஒரு பழுதான இடமும் நல்ல இடத்தைப் போல அதே வேகத்தில்தான் பதில் தருகிறது. பதில் தப்பாக இருக்கும், அவ்வளவுதான். மெதுவாவதற்குக் காரணம் பழுதல்ல, பற்றாக்குறை. 2011இல் 2 ஜிபி போதுமாக இருந்தது. இன்றைய உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தாலே அது நிரம்பிவிடும். நிரம்பியதும் இயங்குதளம், அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி வைத்து, கேட்கும்போது திரும்ப எடுத்து வரும். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோ வினாடி ஆகும். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்டு டிஸ்கில் தட்டு பாதிச் சுற்று சுழன்று வரவே ஐந்தரை மில்லி வினாடி; முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால் பத்து மில்லி வினாடியைத் தாண்டும். லட்சம் மடங்கு வித்தியாசம். கணினி உறைந்ததுபோல நிற்பதும், டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவதும் இதனால்தான்.

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்று, டிஸ்கும் மூச்சு விடாமல் ஓடினால் அது பற்றாக்குறை. இன்னொரு ரேம் துண்டைச் சேர்ப்பதும், ஹார்டு டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றுவதும், இலகுவான லினக்ஸை ஏற்றுவதும் அதற்கு மருந்து. மெமரி பாதிகூட நிரம்பாமல், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் டிஸ்கையே சந்தேகிக்க வேண்டும். படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும் டிஸ்க், கணினி முழுவதையும் காக்க வைக்கும். மெதுவாக இருக்கிறது என்று வருகிற பழைய கணினிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பிசகும் கணினி வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒரு நாள் நீலத்திரை காட்டும், மறுநாள் வேறு எண்ணோடு வேறொரு நீலத்திரை. நேற்று திறந்த சுருக்கக் கோப்பு இன்று சிதைந்திருப்பதாகச் சொல்லும். விண்டோஸை நிறுவும்போது ஒவ்வொரு முறையும் வேறொரு கோப்பில் நிற்கும். பெரிய கோப்பொன்றைப் பென் டிரைவில் இரண்டு முறை நகலெடுத்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினிகள் திரைக்கான இடத்தையும் ரேமிலிருந்தே எடுத்துக்கொள்வதால், திரையில் வண்ணப் புள்ளிகள் சிதறித் தெரிவதும் உண்டு. இவற்றில் ஒழுங்கு எதுவும் இருக்காது. ஒழுங்கில்லாததுதான் முதல் தடயம். மென்பொருளில் பிழை என்றால் பெரும்பாலும் ஒரே செயலைச் செய்யும்போது ஒரே இடத்தில் விழும். நினைவகம் பிசகினால், அன்றைக்கு அந்தப் பழுதான இடத்தில் எந்த நிரல் போய் உட்கார்ந்ததோ அது விழும்.

இப்படி ஒரு பிசகு ஒரு தேர்தல் முடிவிலேயே புகுந்தது. பெல்ஜியத்தில் 2003 மே 18ஆம் தேதி நடந்த தேர்தலில், பிரஸ்ஸல்ஸின் ஸ்கார்பேக் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு வாக்களிப்பு முறைப்படி கிடைக்கவே முடியாத அளவு வாக்குகள் கணினியில் பதிவாகியிருந்தன. மறுபடி எண்ணிப் பார்த்தபோது கூடுதலாக இருந்தவை சரியாக 4096. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண் அது. இரும எண்ணில் பதின்மூன்றாவது இடத்தில் இருந்த ஒரே ஒரு சுழி, ஒன்றாக மாறியிருந்தால் இந்த எண்தான் கூடும். மென்பொருளை ஆராய்ந்தவர்களுக்கு வேறு பிழை எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கவே முடியாத எண்ணிக்கை என்பதால்தான் அது கண்ணில் பட்டது. கூடியது நான்காகவோ எட்டாகவோ இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பெரிய சர்வர்களில் இதற்கு ஒரு காவல் உண்டு. சுழியோ ஒன்றோ இருக்கும் ஓர் இடம்தான் ஒரு பிட். ஒவ்வொரு 64 பிட்டுக்கும் கூடவே எட்டுச் சோதனை பிட்டுகளை வைத்திருப்பார்கள். ஒரு பிட் மாறினால் கண்டுபிடித்துத் திருத்தலாம். இரண்டு மாறினால் மாறியது என்றாவது தெரியும். நம் வீட்டு மடிக்கணினிகளில் அந்த எட்டு பிட்டுகள் இல்லை. எந்த எண் வந்தாலும் செயலி அதை அப்படியே நம்புகிறது. மனை அளவில் ஓர் இலக்கம் மாறினாலும் சரி, வங்கிக் கணக்கு எண்ணில் மாறினாலும் சரி, எச்சரிக்கை வராது.

இந்தப் பிசகு எங்கே பிறக்கிறது என்று அறிய ஒரு பிட் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தில் ராபர்ட் டென்னார்ட் 1967இல் விண்ணப்பித்து, 1968 ஜூனில் காப்புரிமை பெற்ற அமைப்பையே உலகின் கணினிகள் இன்றும் பயன்படுத்துகின்றன. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அவ்வளவுதான்; இந்த ஜோடிதான் ஒரு செல். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. 1970இல் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற சில்லில் 1024 பிட்டுகள் இருந்தன. 2 ஜிபி ரேமில் இருப்பவை ஏறத்தாழ 1,718 கோடி. அத்தனை மின்தேக்கிகளும் மிக மிகச் சிறியவை, அத்தனையும் கசிபவை.

வரப்பில் நண்டு வளை விழுந்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் கட்டிய உடனே கரையில் நின்று பார்த்தால் எந்த வயலில் வளை இருக்கிறது என்று தெரியாது. எல்லாம் ஒன்றுபோல நிறைந்திருக்கும். இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தால் தெரியும். அப்போதும் குறைந்த வயலை மட்டும் பார்த்தால் போதாது. காய வைத்திருந்த அடுத்த வயலில் ஈரம் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் வளை போய்த் திறப்பது அங்கேயாக இருக்கலாம். ரேமின் கோளாறுகளும் பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான்: தன்னுள் இருப்பதைத் தக்கவைக்காத செல், அண்டை செல்லைக் கெடுக்கும் செல். நல்ல செல்லும் கசிவதால், கட்டுப்பாட்டுச் சுற்று 64 மில்லி வினாடிக்குள் எல்லா வரிசைகளையும் ஒரு முறை படித்துத் திரும்ப எழுதிவிடும். வினாடிக்குப் பதினைந்து முறைக்கு மேல். கணினி ஓடும் நேரமெல்லாம் இது நடந்துகொண்டே இருக்கிறது. இந்த 64 மில்லி வினாடியைத் தாக்குப்பிடிக்காத செல்தான் கெட்ட செல்.

அப்படிப்பட்ட செல்கள் எல்லாச் சில்லிலும் தயாரிப்பிலேயே இருக்கின்றன. அதனால் தொழிற்சாலை ஒவ்வொரு சில்லிலும் உபரி வரிசைகளை வைத்திருக்கும். சோதித்துப் பார்த்து, கெட்ட வரிசைக்குப் பதில் உபரி வரிசையை நிரந்தரமாக இணைத்துவிட்டுத்தான் வெளியே அனுப்பும். அன்றைக்கு எல்லைக்கோட்டில் தப்பித் தேறிய செல் ஒன்று பத்தாண்டுக்குப் பிறகு தோற்கிறது. வெப்பம் கூடக் கூடக் கசிவும் வேகமாகக் கூடும். சில்லின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 64 மில்லி வினாடியை 32 ஆகக் குறைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. தூசி அடைத்த காற்றாடியோடு, மே மாதத் தஞ்சாவூர் வெயிலில், மெத்தையின்மேல் வைத்து ஓடும் மடிக்கணினிக்குள் சூடு எவ்வளவு ஏறும் என்று நினைத்துப் பாருங்கள். அதிகாலையில் ஒழுங்காக ஓடும் கணினி பிற்பகல் இரண்டு மணிக்கு மட்டும் விழுவது இப்படித்தான்.

கதிர்வீச்சாலும் பிசகு வரலாம். இன்டெல்லில் டிமோதி மே, முர்ரே உட்ஸ் இருவரும் 1978இல் ஒன்றைக் கண்டார்கள். சில்லைப் பொதிந்த பொருளில் இருந்த துளியளவு யுரேனியம், தோரியம் ஆகியவற்றிலிருந்து வரும் ஆல்ஃபா துகள்கள் பிட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. அதன்பின் பொதிப் பொருளைத் தூய்மைப்படுத்தினார்கள். ஆல்ஃபா துகளை ஒரு தாளே தடுத்துவிடும்; அதனால் குமரி மாவட்ட மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கிடந்தாலும் அங்குள்ள கணினிகளுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. அடுத்த சந்தேகம் காஸ்மிக் கதிர்கள். இவை காற்று மண்டலத்தில் மோதி உருவாக்கும் நியூட்ரான்கள் சில்லுக்குள் புகுந்து பிட்டைப் புரட்டும். பெல்ஜிய வாக்குகளுக்கும் இதையே காரணமாகச் சிலர் சொல்கிறார்கள், நிரூபிக்க வழியில்லை.

நம் வட்டாரத்துக்கு இதில் ஒரு நல்ல பங்கு கிடைத்திருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பது அதனால்தான். காந்தப் புலம் இங்கே தரைக்கு இணையாகக் கிடப்பதால், வெளியிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களில் ஆற்றல் குறைந்தவற்றை வளைத்துத் திருப்பிவிடுகிறது. தென்னிந்தியாவில் அந்தத் தடையின் அளவு ஏறத்தாழ 17 ஜிகா வோல்ட். உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இந்தத் தடையைத் தாண்டி வரும் துகள்களைத்தான் அளக்கிறது. ஊட்டியின் உயரம் 2,200 மீட்டர். தஞ்சாவூர் ஏறத்தாழ 60 மீட்டர்தான். அதன் தலைக்கு மேல் முழுக் காற்று மண்டலமும் கவசமாக நிற்கிறது. காந்தக் கவசம், காற்றுக் கவசம் இரண்டும் சேர்வதால், காஸ்மிக் கதிரால் பிட் புரளும் வாய்ப்பு பூமியில் மிகக் குறைந்த இடங்களில் காவிரிப் படுகையும் ஒன்று. ஒரே வாரத்தில் மூன்று நீலத்திரை பார்த்தவர் வானத்தை நோக வேண்டாம். கணினியின் அடி மூடியைத் திறக்கலாம்.

2009இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுளைச் சேர்ந்த இருவரும் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. கூகுளின் சர்வர்களை இரண்டரை ஆண்டு கவனித்ததில், ஓர் ஆண்டில் எட்டு சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் துண்டுகளில் பிழை வந்தது. பிழை வந்த துண்டிலேயே மறுபடி மறுபடி வந்தது. ஒருமுறை வந்து மறையும் பிழைகளைவிட நிலையான கோளாறுகளே அதிகம் என்றும், வயது ஏற ஏறப் பிழை கூடுகிறது என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். நிலையான கோளாறு என்றால் தேடிக் கண்டுபிடிக்கலாம். நமக்கு இது நல்ல செய்தி.

ஆனால் தேடுவதற்கு முன் ஒரு சிறிய வேலை இருக்கிறது. காவிரி டெல்டாவில் நினைவகக் கோளாறாகத் தெரிவதில் கணிசமான பங்கு செல்லின் கோளாறே அல்ல, தொடர்பின் கோளாறு. டிடிஆர்3 வகை மடிக்கணினி ரேமில் 204 தொடர்புமுனைகள். மெல்லிய தங்கப் பூச்சு. அதன் அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சுவரே வியர்க்கும் வீடுகளில், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில், பூச்சின் நுண்துளைகள் வழியாக அரிப்பு மேலே வரும். தை மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசியும் பதர்ப்பொடியும் காற்றாடி வழியாக உள்ளே போய்ப் படியும். காலையில் குளிர்ந்தும் மாலையில் சூடேறியும் விரிந்து சுருங்குவதில் முனைகள் நூலிழை நகர்ந்து உரசும். ஒரே ஒரு முனை சரியாகத் தொடாவிட்டால் போதும்.

மின்சாரத்தை எடுத்துவிட்டு, பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்னூட்டத்தைப் போக்குங்கள். தரையிணைப்புள்ள ஓர் உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னைப் போக்கிவிட்டு, ரேமின் இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கினால் துண்டு தானாகவே சாய்ந்து எழும். கடைகளில் பள்ளிக்கூட அழிப்பானால் தங்க முனைகளைத் தேய்ப்பார்கள். மெதுவாக, ஒரே திசையில், இரண்டு மூன்று தடவை தேய்த்தால் போதும். அழுத்தித் தேய்த்தால் தங்கமே போய்விடும், அடுத்த மழைக்கு நிலைமை மோசமாகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய துணி இதைவிட நல்லது. ஸ்லாட்டில் தூசி இருந்தால் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, துண்டைச் சாய்வாகச் செருகி, ‘க்ளிக்’ என்ற ஒலி கேட்கும்வரை அழுத்துங்கள். ஏராளமான கணினிகளின் கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் சோதனை. கிறிஸ் பிரேடி 1994இல் எழுதிய மெம்டெஸ்ட்86 என்ற நிரலின் வழித்தோன்றல்கள்தான் இன்றும் இதற்கு நம்பகமான கருவி. அதிலிருந்து கிளைத்த மெம்டெஸ்ட்86+ கட்டற்ற மென்பொருள், இலவசம். பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். விண்டோஸோ லினக்ஸோ ஓடும்போது இயங்குதளமே ரேமின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கும், அந்த இடத்தைச் சோதிக்க முடியாது. மெம்டெஸ்ட் இயங்குதளம் எதுவும் இல்லாமல் தனியாக ஓடும். தான் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் சோதிக்க, நடுவில் எழுந்து வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளும். விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் நிரலும் மறுதொடக்கம் செய்து ஓடும், சுலபமானது. அதில் பிழை கிடைத்தால் நம்பலாம். கிடைக்கவில்லை என்றால் மெம்டெஸ்டையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

மெம்டெஸ்ட் உள்ளே செய்வது அழகான வேலை. எல்லா இடத்திலும் சுழி எழுதும். பிறகு கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடமாகப் போய், சுழி இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, ஒன்று எழுதும். அடுத்து மேலிருந்து கீழாக வந்து, ஒன்று இருக்கிறதா என்று பார்த்து, சுழி எழுதும். இரண்டு திசையும் தேவை. ஐந்தாம் செல்லில் எழுதுவது ஆறாம் செல்லைக் கெடுக்கிறது என்றால், மேலே ஏறும்போது ஆறைப் படிக்கையில் குட்டு வெளிப்படும். ஐந்தில் எழுதுவது நான்கைக் கெடுக்கிறது என்றால், ஏறும்போது நான்கை ஏற்கெனவே பார்த்து முடித்திருப்போம். இறங்கி வரும்போதுதான் அகப்படும். ஒன்றும் சுழியும் மாறி மாறி வரும் வடிவங்கள், தற்செயல் எண்கள், இருபது இடத்துக்கு ஒருமுறை மட்டும் எழுதிப் பார்ப்பது என்று பல வகைச் சோதனைகள் அடுத்தடுத்து வரும். கடைசிச் சோதனை வித்தியாசமானது: எழுதி வைத்துவிட்டு, சில நிமிடம் எதையும் தொடாமல் காத்திருந்து, பிறகு படித்துப் பார்க்கும்.

ஒரு முழுச் சுற்று முடிவதோடு நிறுத்திவிடக் கூடாது. குறைந்தது நான்கு சுற்றாவது ஓட விடுங்கள். பழைய கணினிக்குப் பல மணி நேரம் ஆகலாம். இரவில் வைத்துவிட்டுத் தூங்கப் போகச் சொல்வார்கள். நான் பகலில் வைக்கத்தான் சொல்வேன், அதுவும் வெக்கையான நேரத்தில். எல்லைக்கோட்டில் நிற்கும் செல்லை வெப்பம்தான் காட்டிக் கொடுக்கும். சார்ஜர் செருகியே இருக்கட்டும். பேட்டரி செத்த கணினி என்றால், மின்சாரம் ஒரு நொடி தடுமாறினாலும் சோதனை அறுந்து போகும்; அதை ரேமின் குற்றமாக எண்ணிவிட வேண்டாம்.

சிவப்பு வரி ஒன்று வந்தாலும் பிழைதான். ஒரே ஒரு பிழைதானே என்று விடுவதற்கில்லை. ஆனால் அந்த வரிகள் சொல்லும் கதையை வாசிக்கத் தெரிந்தால் காரணத்தையும் அறியலாம். ஒவ்வொரு வரியிலும் முகவரி, அங்கே இருக்க வேண்டியது, அங்கே கிடைத்தது ஆகிய மூன்றும் இருக்கும். 32 ஒன்றுகள் இருக்க வேண்டிய இடத்தில் 31 ஒன்றும் ஒரு சுழியும் கிடைத்து, சுற்றுக்குச் சுற்று அதே முகவரியில் அதே பிட் தவறினால், ஒரு செல் போயிருக்கிறது. நெருங்கிய முகவரிகள் பல சேர்ந்து தவறினால் ஒரு வரிசை முழுவதும் போயிருக்கலாம். முகவரிகள் எங்கெங்கோ சிதறியிருந்து, தவறும் பிட் மட்டும் எப்போதும் ஒன்றாகவே இருந்தால், அந்தப் பிட்டைச் சுமக்கும் கம்பியையோ தொடர்புமுனையையோ சந்தேகியுங்கள். மறுபடி கழற்றித் துடைத்துப் பாருங்கள். முகவரியும் பிட்டும் ஒவ்வொரு சுற்றிலும் மாறினால், ரேம் நல்லதாகவே இருக்கலாம். மின்னழுத்தம், செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுச் சுற்று, மதர்போர்டு ஆகியவற்றில் ஒன்று தள்ளாடுகிறது.

இரண்டு ஸ்லாட், இரண்டு துண்டு உள்ள கணினி என்றால் சந்தேகத்தை இன்னும் நன்றாகப் பிரிக்கலாம். முதல் துண்டை முதல் ஸ்லாட்டில் தனியாகப் போட்டுச் சோதியுங்கள். பிறகு அதையே இரண்டாம் ஸ்லாட்டில். அடுத்து இரண்டாம் துண்டுக்கும் அதே போல. பிழை துண்டோடு கூடவே போனால் துண்டு கெட்டது. துண்டு எதுவானாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை நின்றால் ஸ்லாட் கெட்டது. தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்ந்தால் மட்டும் தோற்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பழைய துண்டுகளை வாங்கிச் சேர்க்கும்போது இது அடிக்கடி நடக்கும். டிடிஆர்3 துண்டு 1.5 வோல்ட்டில் ஓடுவது, டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலும் ஓடக்கூடியது. பள்ளம் ஒரே இடத்தில் இருப்பதால் இரண்டுமே ஒரே ஸ்லாட்டில் உட்காரும். 1.35 வோல்ட் மட்டுமே தரும் கணினியில் முதல் வகையைப் போட்டால் ஓடாமல் போகலாம். அதைவிடக் கொடுமை, ஓடுவதுபோல ஓடி இடையிடையே பிசகலாம். வாங்குமுன் துண்டின்மேல் ஒட்டியுள்ள சீட்டில் பிசி3 என்ற எழுத்துக்குப் பின்னால் எல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாச் சுற்றும் பிழையின்றி முடிந்தால்? ரேம் நல்லது என்று நிரூபணமாகிவிடவில்லை. 1,718 கோடி பிட்டுகளில் எது எதைக் கெடுக்கிறது என்று எல்லாச் சேர்க்கைகளையும் பார்ப்பது எந்தக் கணினியாலும் ஆகாது. பிழை இருப்பதைச் சோதனை காட்டும். இல்லை என்பதை அது சத்தியம் செய்யாது. ஆனாலும் வெக்கையான பகல் முழுவதும் தேறிய ரேமை விட்டுவிட்டு, ஹார்டு டிஸ்க், சார்ஜர், காற்றாடி என்று அடுத்த சந்தேகத்துக்குப் போவதுதான் நியாயம். கடையில் “ரேம் போயிடுச்சு” என்று சொன்னால், எந்த முகவரியில் பிழை வந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட கணினியில் பிழை வந்தாலும், புதிய துண்டு வாங்க இப்போதைக்கு வழியில்லை என்றாலும், இன்னொரு வழி உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த ரிக் வான் ரெய்ன் எழுதிய பேட்ரேம் என்ற திருத்தம் இந்த யோசனையை லினக்ஸ் உலகில் பரப்பியது. மெம்டெஸ்ட் காட்டிய கெட்ட முகவரியைச் சொல்லி, அந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம் என்று கணினிக்குக் கட்டளை கொடுத்துவிடலாம். இன்று லினக்ஸின் கிரப் தொடக்க நிரலிலேயே அந்த வசதி இருக்கிறது. விண்டோஸிலும் கெட்ட பக்கங்களைப் பட்டியலிட்டு ஒதுக்க முடியும். 2 ஜிபியில் சில கிலோபைட்டை இழப்பது ஓர் இழப்பே அல்ல. ஒரே இடத்தில் நிற்கும் பிழைக்குத்தான் இது பொருந்தும். மாதாமாதம் பட்டியல் நீள்கிறது என்றால் சில்லைக் காப்பாற்ற முடியாது.

துண்டை மாற்றினாலும், கெட்ட இடத்தை ஒதுக்கினாலும், அதுவரை நடந்ததை அது திருத்தாது. கெட்ட ரேம் வழியாகப் போய் டிஸ்கில் எழுதப்பட்ட ஒவ்வொரு கோப்பும் சந்தேகத்துக்குரியது. இயங்குதளத்தை மறுபடி நிறுவ வேண்டிய இடம் இதுதான். சோதனைக்கு முன்னால் அல்ல. நிறுவுமுன் படங்களையும் ஆவணங்களையும் வெளியே நகலெடுத்து வைத்து, அந்த நகல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சுருக்கக் கோப்புகள் தமக்குள்ளேயே சரிபார்ப்பு எண் வைத்திருப்பவை, சிதைந்திருந்தால் திறக்கும்போதே சொல்லிவிடும். படமும் பாட்டும் பெரும்பாலும் அப்படிச் சொல்லாது. கணக்குத் தாள்களைத்தான் அதிகக் கவனத்தோடு பார்க்க வேண்டும். கொள்முதல் நிலைய ரசீது, காப்பீட்டுத் தொகை, கடன் பாக்கி என்று எண் எழுதியவை எல்லாவற்றையும், காகிதத்தில் உள்ள மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.